ஸ்பீச் தெரபி படித்தது தவறாகிவிட்டதா?

கேள்வி:

எனக்கு 26 வயது. தூத்துக்குடி மாவட்டத்துக்காரி. நீட் தேர்வில் எம்.பி.பி.எஸ். இடம் கிடைக்கும் அளவுக்கு மதிப்பெண் வரவில்லை. ‘வெளிநாட்டில் நல்ல தேவை இருக்கிறது’ என்று உறவினர் ஒருவர் சொன்னதை நம்பி, கல்விக்கடன் வாங்கி, பி.ஏ.எஸ்.எல்.பி. என்ற பேச்சு, கேட்பியல் பட்டப்படிப்பில் சேர்ந்தேன். மூன்று ஆண்டுகளாகச் சென்னைப் புறநகரில் ஒரு தனியார் தெரபி சென்டரில் வேலை பார்க்கிறேன். ஒரு நாளைக்கு ஒன்பது, பத்து செஷன், ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரம். வருபவர்கள் பெரும்பாலும் ஆட்டிசம் உள்ள குழந்தைகள். சம்பளம் 19,000 ரூபாய். விடுதிக்கும் கடன் தவணைக்கும் போக மிஞ்சுவது சொற்பம். சென்டரை நடத்துபவர் இந்தத் துறையைப் படித்தவர் அல்லர். ‘ஆறு மாதத்தில் பேசிவிடுவான் என்று சொல்லி பேக்கேஜ் எடுக்கவையுங்கள்’ என்கிறார். சில மாதப் பயிற்சி மட்டுமே பெற்றவர்கள் எடுக்கும் செஷன்களின் அறிக்கைகளிலும் என் பதிவு எண்ணைப் போட்டுக் கையெழுத்திடச் சொல்கிறார். சென்ற மாதம் நான்கு வயதுச் சிறுவன் ஒருவனின் தந்தை, ‘ஒன்றரை வருடமாகப் பணம் கட்டுகிறேன், அம்மா என்றுகூடச் சொல்லவில்லையே, நீங்கள் என்னதான் செய்கிறீர்கள்?’ என்று எல்லார் முன்னிலையிலும் கத்திவிட்டார். அன்றிலிருந்து காலையில் எழும்போதே வயிற்றைப் பிசைகிறது. இன்டர்ன்ஷிப்பின்போது அரசு மருத்துவமனையில், பக்கவாதத்தால் பேச்சிழந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவருக்குப் பயிற்சி கொடுத்த நாட்களில் இப்படி இருந்ததில்லை. அப்பா வங்கித் தேர்வு எழுதச் சொல்கிறார். தோழி எம்.எஸ்சி. முடித்துவிட்டு வெளிநாடு போகலாம் என்கிறாள். நான் தவறான துறையைத் தேர்ந்தெடுத்துவிட்டேனா? விட்டுவிடலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

துறையை விடுவதா வேண்டாமா என்பதை நீங்கள் ஆறு மாதம் எடுத்துக்கொண்டுகூட முடிவு செய்யலாம். ஆனால், கையெழுத்து விஷயத்தை இந்த வாரமே முடிவு செய்தாக வேண்டும். ஆகவே கடிதத்தின் நடுவில் நீங்கள் ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்துபோன அந்தச் செய்தியிலிருந்தே தொடங்குகிறேன்.

1992-ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வுக் கழகச் சட்டத்தின்படி, ஆர்.சி.ஐ. என்று நாம் அழைக்கும் அந்த அமைப்பின் மத்தியப் பதிவேட்டில் பெயர் இருப்பவர் மட்டுமே, பேச்சுப் பயிற்சியாளர் உள்ளிட்ட மறுவாழ்வுத் தொழில்முறையாளராக நாட்டில் எங்கும் பணியாற்றலாம். அச்சட்டத்தின் 13-ஆம் பிரிவை மீறுபவருக்கு ஓராண்டு வரை சிறைத் தண்டனையோ, ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க இடமிருக்கிறது. அபராதத் தொகையைப் பார்த்து இது ஏட்டளவிலான சட்டம் என்று உங்கள் நிர்வாகி நினைக்கலாம். உங்களைப் பொறுத்தவரை ஆபத்து தொகையில் இல்லை. நீங்கள் கையெழுத்திட்ட அறிக்கையை நம்பித்தான் ஒரு மருத்துவர் அடுத்த பரிசோதனையைத் தீர்மானிக்கிறார், ஒரு பள்ளி அந்தக் குழந்தையைச் சேர்க்கலாமா என்று யோசிக்கிறது, பெற்றோர் அடுத்த ஓராண்டைத் திட்டமிடுகிறார்கள். நீங்கள் பார்க்காத குழந்தையைப் பார்த்ததாக எழுதிய தாள் என்றைக்காவது கேள்விக்கு உள்ளானால், அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் பதிவு எண்ணுக்கு உரியவரே தவிர, சென்டரின் உரிமையாளர் அல்லர்.

எனவே நிர்வாகிக்கு மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ எழுத்து வடிவில் இரண்டே வரி அனுப்புங்கள்: ‘நான் நேரில் எடுக்காத செஷன்களின் அறிக்கைகளில் இனிக் கையெழுத்திட இயலாது. நான் உடனிருந்து மேற்பார்வையிட்ட செஷனாக இருந்தால், எடுத்தவர் யார், நான் பார்த்தது என்ன என்று உள்ளபடியே குறிப்பிட்டுக் கையெழுத்திடுகிறேன்.’ வாக்குவாதம் வேண்டாம், குற்றச்சாட்டும் வேண்டாம். அவர் ஒப்புக்கொண்டால் நல்லது. ஒப்புக்கொள்ளாவிட்டால் அந்த இடத்தை விட்டு விலகுவது குறித்து நீங்கள் மேற்கொண்டு யோசிக்க ஒன்றுமில்லை. நான் சொல்வது அந்த இடத்தைத்தான். துறையைப் பற்றிய பேச்சு இனிமேல்தான் வருகிறது.

அடுத்து சம்பளம். உங்கள் கணக்கை நானே போட்டுப் பார்த்தேன். நாளுக்கு ஒன்பது அல்லது பத்து செஷன், மாதத்துக்கு 25 வேலைநாள் என்று கொண்டால், ஒரு செஷனுக்கு உங்கள் கைக்கு வருவது ஏறக்குறைய 80 ரூபாய். அதே செஷனுக்குப் பெற்றோர் வரவேற்பறையில் எவ்வளவு கட்டுகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். இரண்டு தொகைகளுக்கும் இடையிலுள்ள தூரம் உங்கள் திறமைக் குறைவால் வந்ததன்று. நம் நாட்டில் வெளிநோயாளியாக வந்துபோகும் இத்தகைய பயிற்சிகளுக்குப் பெரும்பாலான மருத்துவக் காப்பீடுகள் பணம் தருவதில்லை என்பதால் செலவு முழுவதும் பெற்றோரின் சட்டைப்பையிலிருந்தே வருகிறது. அரசு மருத்துவமனைகளில் நிரந்தரப் பணியிடங்கள் குறைவு. இந்த இரண்டுக்கும் நடுவே முளைத்தவைதான் வாடகைக் கட்டடத்தில் நான்கு அறைகளைத் தடுத்து நடத்தப்படும் சென்டர்கள். வாடகை, விளம்பரம், உரிமையாளரின் இலாபம் எல்லாம் போக மிஞ்சுவதே தெரபிஸ்ட்டுக்கு என்ற வரிசைதான் அங்கே நடைமுறை.

இதற்கு மருந்து ஒரேயடியாகக் கிடையாது. ஆனால் அடுத்த வேலைக்கு நேர்காணலுக்குப் போகும்போது ‘மாதம் எவ்வளவு’ என்று மட்டும் கேட்காமல், ஒரு நாளில் அதிகபட்சம் எத்தனை செஷன், குறிப்பு எழுதவும் பெற்றோரிடம் பேசவும் தனி நேரம் உண்டா, குழந்தை வராமல்போன செஷனுக்கு ஊதியம் உண்டா, எனக்கு மேலே இத்துறை படித்த மூத்தவர் யாராவது இருக்கிறாரா என்ற நான்கையும் கேளுங்கள். நான்காவது கேள்விக்கு ‘இல்லை’ என்று பதில் வருமானால், மூவாயிரம் ரூபாய் கூடுதலாகத் தந்தாலும் உங்கள் வயதில் அந்த இடம் வேண்டாம் என்பேன். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் உறுத்தியது சம்பளம்கூட அன்று. மூன்று ஆண்டுகளில் உங்கள் செஷன் ஒன்றைக்கூட உட்கார்ந்து பார்த்து ‘இதை இப்படிச் செய்து பாருங்களேன்’ என்று சொல்ல ஒருவர் இருந்ததாக அதில் எந்தத் தடயமும் இல்லை. பட்டம் பெற்றவுடன் தனியறையில் கதவைச் சாத்திவிட்டுக் கற்றுக்கொள்ளக்கூடிய தொழில் அன்று இது.

இப்போது அந்தத் தந்தை. அவர் கத்தியது முறையன்று. ஆனால் அவர் கேட்ட கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது என்று நான் சொன்னால் நீங்கள் என்மீது கோபப்படக்கூடாது. ஒன்றரை ஆண்டாக ஒரு குழந்தையிடம் எதிர்பார்த்த மாற்றம் தெரியவில்லை என்றால், அதே பயிற்சியை இன்னொரு பேக்கேஜாக நீட்டிப்பதற்குப் பதில், நின்று, முதலிலிருந்து மதிப்பிட்டிருக்க வேண்டும். அந்தச் சிறுவனின் கேட்கும் திறன் எப்போதாவது முறையாகச் சோதிக்கப்பட்டதா? ஓ.ஏ.இ., பெரா என்ற கேட்புச் சோதனைகளின் அறிக்கைகள் கோப்பில் இருக்கின்றனவா? ஆட்டிசம் என்று ஒரு பெயர் கிடைத்துவிட்ட பிறகு, காது கேட்கிறதா என்ற எளிய கேள்வியை எல்லாரும் மறந்துவிடுவது நம் துறையில் அடிக்கடி நடக்கிறது. பேசுவதற்கான அசைவுகளை மூளை ஒருங்கிணைப்பதில் சிக்கல், அதாவது அப்ராக்ஸியா, கூடவே இருக்கிறதா என்று யாராவது பார்த்தார்களா? குழந்தை வளர்ச்சி மருத்துவர் கடைசியாக எப்போது பார்த்தார்? நாளொன்றுக்கு ஒன்பது செஷன் எடுப்பவருக்கு இவற்றைக் கேட்க நேரமிருக்காது என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் இவை கேட்கப்படாமல் போனதற்கான விலையைத்தான் அன்று வரவேற்பறையில் நீங்கள் தனியாகக் கொடுத்தீர்கள்.

அந்தக் கேள்வியின் மறுபாதிதான் நியாயமற்றது. அதற்குக் காரணமும் அவரில்லை, அவருக்குச் சொல்லப்பட்ட பொய். வாரத்துக்கு இரண்டு செஷன் என்றால் ஒன்றரை மணி நேரம். நான்கு வயதுக் குழந்தை நாளொன்றுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று மணி நேரம் விழித்திருக்கும் என்று கொண்டால், வாரத்தில் ஏறத்தாழ 85 முதல் 90 மணி நேரம் அது உலகத்தோடு இருக்கிறது. அதில் ஒன்றரை மணி நேரம் உங்களுடையது, மற்றதெல்லாம் வீட்டாருடையது. கதவுக்கு வெளியே தாயை உட்காரவைத்துவிட்டு உள்ளே குழந்தையோடு பயிற்சி செய்யும் முறை, உலகில் எவ்வளவு திறமையான தெரபிஸ்ட் செய்தாலும், இந்தக் கணக்கை வெல்ல முடியாது. தாயோ தந்தையோ பாட்டியோ அறைக்குள் வர வேண்டும். நீங்கள் பத்து நிமிடம் செய்து காட்ட, அடுத்த பத்து நிமிடம் அவர்கள் செய்ய, நீங்கள் பார்த்துத் திருத்த வேண்டும். குளிக்கும்போது, சட்டை போடும்போது, இட்லி வைக்கும்போது என்ன சொல்வது, எவ்வளவு நேரம் வாயை மூடிக் காத்திருப்பது, குழந்தை கையை நீட்டினால் அதைப் பேச்சாக ஏற்று எப்படிப் பதில் கொடுப்பது என்பதுதான் அவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டிய பாடம்.

‘எப்போது பேசுவான்?’ என்று கேட்பவரிடம் தேதி சொல்லாதீர்கள். தெரியாது என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தவும் வேண்டாம். அடுத்த மூன்று மாதத்தில் பார்க்கக்கூடிய, எண்ணக்கூடிய ஒன்றை எழுதிக் கொடுங்கள். ‘பெயர் சொல்லி அழைத்தால் பத்தில் ஆறு முறை திரும்புவான்’, ‘தண்ணீர் வேண்டும் என்பதைப் படத்தைக் காட்டியாவது யாரும் தூண்டாமல் கேட்பான்’ என்பவை போல. படங்களைக் காட்டினால் பேச்சே வராமல் போய்விடும் என்ற அச்சம் நம் பெற்றோரிடம் ஆழமாக இருக்கிறது. ஆய்வுகள் அந்த அச்சத்துக்கு ஆதரவாக இல்லை. படமோ சைகையோ சாதனமோ கொண்டு தொடர்புகொள்ளப் பழகுவது பேச்சைத் தடுப்பதில்லை என்றே அவை காட்டுகின்றன. படங்களைத் தொட்டால் பேசிக்காட்டும், சென்னையில் உருவான ஆவாஸ் செயலியைப் பல நாடுகளில் பயன்படுத்துகிறார்கள். நம் ஊர் சென்டர்களில் அதை அறிமுகப்படுத்தக் கூச்சப்படுகிறோம். காரணம் எளிது. ‘பேசவைக்கிறோம்’ என்று பலகை வைத்தவர்கள் படத்தைக் கையில் கொடுத்தால் தோல்வியை ஒப்புக்கொண்டது போலாகிவிடும் என்று நினைக்கிறார்கள். பணத்துக்குத் திண்டாடும் பெற்றோருக்கு, தேசிய அறக்கட்டளையின் நிரமயா காப்பீட்டைப் பற்றியும் சொல்லுங்கள். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு இலட்சம் ரூபாய் வரை அதில் பாதுகாப்பு உண்டு. தெரபிக்கும் அதில் ஒரு பகுதி ஒதுக்கப்பட்டிருக்கிறது.

இவ்வளவும் சொன்னது, நீங்கள் வருந்துவது எதை என்று பிரித்துப் பார்ப்பதற்காக. உங்கள் கடிதத்தில் பொய்யான வாக்குறுதி இருக்கிறது, திருட்டுக் கையெழுத்து இருக்கிறது, மூச்சுவிட இடமில்லாத நேரப் பட்டியல் இருக்கிறது, மேற்பார்வையின்மை இருக்கிறது. இவற்றுக்குக் கீழே உண்மையான பொருத்தமின்மையும் இருக்கலாம். அது இருக்கிறதா என்பதை இந்த நான்கும் இல்லாத ஓரிடத்தில் நின்றுதான் பார்க்க முடியும்.

நம் துறையை எல்லாரும் குழந்தைகள், பெரியவர்கள் என்று பிரிப்பார்கள், அல்லது பேச்சு, கேட்பியல் என்று பிரிப்பார்கள். இளையவர்களுக்கு ஆலோசனை சொல்லும்போது நான் வேறு ஓர் அளவுகோலை வைத்துக்கொள்கிறேன்: செய்த வேலையின் பலன் தெரிய எவ்வளவு காலம் ஆகும், அந்தக் காலம் முழுவதும் உங்களோடு யார் நிற்பார்கள்?

கேட்பியலில் பலன் பெரும்பாலும் அன்றே தெரிந்துவிடும். சோதனை அறையில் கேட்கும் திறனை வரைபடமாகக் காட்டும் ஆடியோகிராம் எடுத்து, காதுகேட்கும் கருவியை அளவுக்கேற்பச் சரிசெய்து பொருத்தினால், எதிரில் இருக்கும் முதியவர் பேரனின் குரலைக் கேட்டுத் தலையைத் திருப்புகிறார். பச்சிளங்குழந்தைகளுக்கான பரிசோதனையிலும் அப்படித்தான். ஒரு மாதத்துக்குள் முதற்சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிசெய்தல், ஆறு மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும் என்ற தெளிவான கால வரையறை உண்டு. உங்கள் பட்டம் பேச்சு, கேட்பியல் இரண்டுக்கும் உரியது என்பதை மூன்று ஆண்டு செஷன்களுக்கு நடுவே நீங்கள் மறந்திருக்கக்கூடும்.

குரல் சிகிச்சையில் வாரக்கணக்கு. பள்ளி ஆசிரியைகளுக்கும் பாடகர்களுக்கும் குரல் நாண்களில் சிறு முடிச்சுகள் வரும். குரலைப் பயன்படுத்தும் முறையை மாற்றப் பழக்கினால் பலருக்குச் சில வாரங்களில் முன்னேற்றம் தெரியும். வருபவர் தானே விரும்பி வருகிறார், வீட்டில் தானே பயிற்சி செய்கிறார். விழுங்குதல் சிகிச்சையும் ஏறத்தாழ இதே கால அளவுதான், ஆனால் பொறுப்பு பன்மடங்கு. பக்கவாதம் வந்த முதல் நாட்களில் கணிசமானவர்களுக்கு விழுங்குவதில் சிரமம் இருக்கும். உணவோ நீரோ மூச்சுக்குழாய்க்குள் போனால் நிமோனியாவில் முடியக்கூடும். எந்தக் கெட்டியில் கொடுக்கலாம், எந்த நிலையில் உட்காரவைத்துக் கொடுக்கலாம், மூக்குக் குழாயை எப்போது எடுக்கலாம் என்பதில் மருத்துவர் உங்கள் கருத்தைக் கேட்பார். அங்கே நீங்கள் தனியாள் இல்லை. நரம்பியல் மருத்துவர், பிசியோதெரபிஸ்ட், செவிலியர், உணவியல் வல்லுநர் எல்லாரும் ஒரே நோயாளியைச் சுற்றி நிற்கிறார்கள். தொண்டைப் புற்றுநோய்க்காகக் குரல்வளை அகற்றப்பட்டவர்களுக்கு மாற்றுக் குரலைப் பழக்கும் வேலையும், அண்ணப் பிளவு அறுவை சிகிச்சைக்குப் பிறகு உச்சரிப்பைச் சீர்செய்யும் வேலையும் மாதக்கணக்கில் நடப்பவை. காக்ளியர் இம்ப்ளாண்ட் என்ற உட்செவிக் கருவியைப் பொருத்திய குழந்தைகளுக்குக் கேட்டுப் பழகும் பயிற்சி ஆண்டுக்கணக்கு. அறுவை சிகிச்சையின் செலவை அரசுக் காப்பீடு ஏற்றாலும், பிந்தைய பயிற்சி ஒழுங்காக இல்லையென்றால் கருவி இருந்தும் பயனில்லை. ஆட்டிசம் உள்ள குழந்தைகளுடன் செய்யும் வேலை இவை எல்லாவற்றையும்விட நீண்டது. சில நேரம் அதன் பலன் நீங்கள் பயிற்சி கொடுத்து முடித்து, குழந்தை வேறு ஊருக்குப் போன பிறகே தெரியும்.

ஆக, துறையிலேயே மிக நீண்ட காத்திருப்பைக் கேட்கும் பணியில், மிகக் குறைந்த துணையோடு, ஆறு மாதத்தில் பலன் என்ற வாக்குறுதியைச் சுமந்துகொண்டு நீங்கள் மூன்று ஆண்டு நின்றிருக்கிறீர்கள். இதில் வயிற்றைப் பிசையாமல் இருந்திருந்தால்தான் நான் வியந்திருப்பேன்.

அந்தத் தலைமையாசிரியரைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பது ஒரே வாக்கியம். அதை வைத்து உங்கள் எதிர்காலத்தைக் கணித்துவிட மாட்டேன். இன்டர்ன்ஷிப் காலத்தில் தவறுக்குப் பொறுப்பேற்க மேலே ஒருவர் இருந்தார் என்பதாலேயேகூட அந்த நாட்கள் இனித்திருக்கலாம். ஆனாலும் அஃபேசியா என்ற பேச்சிழப்பு, வேறு மாதிரியான மனத்தைக் கேட்கும் வேலை. நாற்பது ஆண்டு வகுப்பறையில் பேசியவருக்கு மனைவியின் பெயர் வாயில் வராது. ஆனால் ஒன்று முதல் பத்து வரை எண்ணிவிடுவார், சிறு வயதில் மனப்பாடம் செய்த தேவாரத்தைத் தடங்கலின்றிப் பாடிவிடுவார், எரிச்சல் வந்தால் ஒரு வசைச்சொல் துல்லியமாக வரும். அந்தப் பழகிய பேச்சிலிருந்து தேவையான சொல்லுக்கு ஒரு வழியைத் தேடிக் கண்டுபிடிப்பதில் உங்களுக்கு ஆர்வம் இருந்ததா? அந்த நாட்களைத் தனிமையில் உட்கார்ந்து நினைவுகூர்ந்து, பிடித்திருந்தது எது என்று உங்கள் கையாலேயே எழுதிப் பாருங்கள். முதியவர் என்பதா, மருத்துவமனை என்பதா, மூத்தவர் ஒருவர் பக்கத்தில் இருந்தார் என்பதா, மொழியே சிக்கலாகி நின்ற அந்தப் புதிரா? நான்கும் நான்கு வேறு வேலைகளை நோக்கிக் கைகாட்டுகின்றன.

எழுதிப் பார்த்த பிறகு, வேலையை விடுவதற்கு முன்பே சோதித்துப் பாருங்கள். நரம்பியல் பிரிவோ காது மூக்கு தொண்டைப் பிரிவோ உள்ள மருத்துவமனையில் பணியாற்றும் உங்கள் கல்லூரி மூத்தவர்களிடம் பேசி, விடுப்பு நாட்களில் உடனிருந்து பார்க்க அனுமதி கேளுங்கள். பழைய பேராசிரியர்களுக்கு எழுதுங்கள். இத்தகைய வேண்டுகோளை நம்மவர்கள் பொதுவாக மறுப்பதில்லை. சென்னையை விட்டு ஊர்ப்பக்கம் திரும்ப மனமிருந்தால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளோடு இணைந்த குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளைக் கவனிக்கும் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையங்களிலும், மாற்றுத்திறனாளிகளுக்கான தமிழ்நாடு உரிமைகள் திட்டத்தின் கீழ் வந்துள்ள ‘விழுதுகள்’ சேவை மையங்களிலும் பேச்சுப் பயிற்சியாளர்கள் தேவைப்படுகிறார்கள். இவற்றில் பெரும்பாலானவை ஒப்பந்தப் பணிகள்தான். நிரந்தர அரசு வேலை என்ற எண்ணத்தில் சேர்ந்தால் அங்கும் ஒரு வருத்தம் காத்திருக்கும். ஆனால் பேக்கேஜ் விற்க வேண்டியதில்லை, குழந்தையை மருத்துவர் உட்படப் பலர் சேர்ந்து பார்க்கிறார்கள், விடுதி வாடகை மிச்சமாகும்.

எம்.எஸ்சி. படிப்பைப் பற்றி என் கருத்து சற்றுக் கடுமையானது. இப்போதைய வேலையிலிருந்து தப்பிப்பதற்காக மட்டும் அதில் சேராதீர்கள். இரண்டு ஆண்டு கழித்து அதே நகரத்தில் அதே மாதிரி சென்டரில், கூடுதல் கடனோடு, சற்றே உயர்ந்த சம்பளத்தில் நிற்பீர்கள். பேச்சு மொழிநோயியல், கேட்பியல் என்று முதுநிலைப் படிப்பு இரண்டாகப் பிரிந்திருப்பதால், எதை நோக்கிப் போகிறோம் என்று தெரிந்த பிறகே விண்ணப்பிக்க வேண்டும். தெரிந்துவிட்டால், மைசூருவிலுள்ள அகில இந்திய பேச்சு மற்றும் கேட்டல் நிறுவனத்தின் நுழைவுத் தேர்வை ஒரு முறையாவது எழுதுங்கள். அரசு நிறுவனம் என்பதால் கட்டணம் சுமையாக இராது. அதைவிட முக்கியமாக, அங்கே வரும் நோயாளிகளின் வகையும் எண்ணிக்கையும் வேறெங்கும் எளிதில் கிடைக்காத பயிற்சி.

வெளிநாடு என்பதையும் உறவினர் வாய்மொழியாக விட்டுவிடாமல் விசாரியுங்கள். அமெரிக்காவில் இப்பணிக்கு முதுநிலைப் பட்டம்தான் தொடக்கத் தகுதி. படிப்போடு சேர்ந்த 400 மணி நேர மருத்துவப் பயிற்சிக் கணக்கு, பிராக்சிஸ் என்ற துறைத் தகுதித் தேர்வு, குறைந்தது 36 வாரக் கண்காணிப்புப் பணி, மாநில உரிமம் என்று ஒவ்வொரு படியாக ஏற வேண்டும். பிரிட்டனில் எச்.சி.பி.சி. என்ற ஒழுங்குமுறை அமைப்பின் பதிவு வேண்டும். அங்கெல்லாம் தேவை இருப்பது உண்மை, ஊதியமும் கௌரவமானது. ஆனால் அங்குள்ள நம் துறையினரும் கையாள முடியாத எண்ணிக்கையில் பள்ளிக் குழந்தைகளைப் பார்ப்பதாகவும், முதியோர் இல்லங்களில் நிமிடக் கணக்கில் வேலை வாங்கப்படுவதாகவும் புலம்புகிறார்கள், சிலர் துறையையே விடுகிறார்கள். கடன் வாங்கிக் கடல் கடந்த பிறகு இது தெரிவதைவிட இப்போதே தெரிந்திருப்பது நல்லது.

வங்கித் தேர்வு எழுதச் சொல்லும் உங்கள் தந்தையின் பேச்சில் தவறு காண மாட்டேன். மகள் மாதந்தோறும் நொந்துபோய்ப் பேசுவதைக் கேட்கும் எந்தத் தகப்பனுக்கும் நிலையான சம்பளம் தரும் வேலைதான் முதலில் நினைவுக்கு வரும். அவரிடம் ‘பிடிக்கவில்லை’ என்று மட்டும் சொல்லாமல், கடன் நிலுவை எவ்வளவு, மாதத் தேவை எவ்வளவு, எந்தத் தேதி வரை மாற்று வேலை தேடப்போகிறீர்கள், கிடைக்காவிட்டால் தேர்வுக்குப் படிக்கத் தொடங்குவீர்களா என்பதைத் தாளில் எழுதிக் காட்டிப் பேசுங்கள். ஆறு மாதக் கெடு போதுமானது. அந்த ஆறு மாதத்தில் வேறிடத்தில் வேலை செய்து பார்த்த பிறகும் காலையில் இதே பிசைவு இருக்குமானால், நீங்கள் துறையை விட்டுப் போவதில் வெட்கப்பட எதுவும் இல்லை. ஏழு ஆண்டு வீணாகிவிட்டதே என்பதற்காக எட்டாவது ஆண்டையும் அதில் போட வேண்டிய கட்டாயமில்லை. காதுகேட்கும் கருவி நிறுவனங்களின் பயிற்சிப் பிரிவு, மருத்துவ ஆய்வு ஒருங்கிணைப்பு, சிறப்புக் கல்வி போன்றவை உங்கள் படிப்பு முழுவதும் உதறப்படாத வழிகள். வங்கி அப்படிப்பட்டதன்று என்றாலும் அது ஒன்றும் தாழ்ந்த வழியில்லை. இதற்கிடையே தூக்கமின்மையும் பசியின்மையும் வாரக்கணக்கில் தொடர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. தொழில் முடிவுக்கும் இதற்கும் முடிச்சுப் போட வேண்டாம்.

சென்டரை விட்டுப் போகும்போது ஒரு கடமை மட்டும் இருக்கிறது. உங்களிடம் வரும் ஒவ்வொரு குழந்தையின் பெற்றோருக்கும் முன்கூட்டியே சொல்லுங்கள். நிர்வாகி விரும்பாவிட்டாலும், குறைந்தது இரண்டு வாரம் முன்னதாகத் தெரிய வேண்டும். தினமும் முகம் பார்த்துப் பழகிய ஒருவர் திடீரென்று காணாமல் போவதை ஆட்டிசம் உள்ள குழந்தை எளிதில் தாங்காது. குழந்தை இப்போது என்ன செய்கிறது, எந்த உதவியோடு செய்கிறது, அடுத்து எதை முயல வேண்டும், வீட்டில் தொடர வேண்டியது என்ன என்று ஒரு பக்க அளவில் தமிழில் எழுதிக் கொடுங்கள். அடுத்து வரும் தெரபிஸ்ட் அதைப் படித்தால் அந்தக் குழந்தைக்கு மூன்று மாதம் மிச்சமாகும். ஒன்றரை ஆண்டு பணம் கட்டிய அந்தத் தந்தைக்கும் ஒன்று எழுதிக் கொடுங்கள், அதில் கேட்கும் திறன் சோதனையையும் மறுமதிப்பீட்டையும் பரிந்துரையுங்கள்.

கடைசியாக ஒன்று. எந்த வழியில் போனாலும் உங்கள் ஆர்.சி.ஐ. பதிவைக் காலாவதியாக விட்டுவிடாதீர்கள். ஐந்தாண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும், அதற்குத் தொடர்கல்விக் கருத்தரங்குகளில் கலந்துகொண்டு புள்ளிகள் சேர்த்திருக்க வேண்டும். உங்கள் முதற்பதிவு எந்த ஆண்டு என்று சான்றிதழை எடுத்துப் பாருங்கள். மூன்று ஆண்டு முடிந்துவிட்டதால், புள்ளிகளை இப்போதிருந்தே சேர்க்கத் தொடங்கினால்தான் சரியாக இருக்கும்.